பச்சை விளக்கு எரியுது, பதிலைக் காணோம்

வி.பி.என். கனெக்ட் ஆகிவிட்டது. திரையின் மூலையில் பச்சை விளக்கு எரிகிறது. சம்பளக் கணக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது.

கேமரன் மலைத் தோட்ட ஆபீஸில் முன்பெல்லாம் கொழுந்து எடை புத்தகத்தில் ஏறும், மாதக் கடைசியில் கிராணி கூட்டிப் பெருக்கிச் சம்பளம் போடுவார். இப்போது புத்தகம் போய்விட்டது. கணக்கெல்லாம் கோலாலம்பூர் (கே.எல்.) தலைமை அலுவலக சர்வரில். மேலே இருக்கும் நாங்கள் வி.பி.என். வழியாகத்தான் அதைத் தொட முடியும். மாதம் முடிந்து 7-ஆம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். கே.டபிள்யூ.எஸ்.பி. சேமநிதி, பெர்கேசோ காப்புறுதிச் சந்தாவுக்கு 15-ஆம் தேதி கெடு. வங்காளதேசத்துப் பையன் வாசலில் நின்று “காஜி பிலா மாசுக்?” (சம்பளம் எப்போது வரும்?) என்று மலாயில் கேட்கிறான். ரூட்டிங் பிரச்சினை என்று அவனுக்கு எந்த மொழியில் சொல்வது?

கீழே போன் போட்டால் ஐ.டி. தம்பியிடம் ஒரே பதில்தான்: “கனெக்ட்டுன்னு காட்டுதுல்ல அக்கா? அப்ப எங்க பக்கம் ஓகே. ஒங்க மலை லைன்தான் ஸ்லோ லா.”

மலை லைன் தங்கம் என்று நானும் சொல்லவில்லை. மழை பிடித்தால் மண் சரியும், மரம் சாயும், வளைவுக்கு வளைவு சிக்னல் மாறும். ஆனால் அதே லைனில் பக்கத்து மேசைப் பையன் யூடியூபில் படமே பார்க்கிறானே! வி.பி.என். பெட்டியின் எண் 10.8.0.1. அதற்கு ‘பிங்’ அடித்தால் உடனே பதில் வருகிறது. அதைத் தாண்டி சர்வருக்கு அடித்தால் மௌனம். கே.எல். வாசல்வரை போய்வர முடிகிற லைன், வாசலைத் தாண்டியதும் எப்படி ஸ்லோ ஆகும்?

விஷயம் இதுதான். வி.பி.என். என் கணினிக்கு 10.8.0.6 என்பதுபோல ஓர் எண் கொடுக்கிறது. என் கேள்வி அந்த எண்ணோடு சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. சர்வரும் பதில் சொல்கிறது. பதிலை அலுவலக ரவுட்டரிடம் ஒப்படைக்கிறது. 10.8 எந்தப் பக்கம் என்று அந்த ரவுட்டருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. தெரியாததையெல்லாம் வெளியே இணையத்தின் பக்கம் தள்ளுவது அதன் வழக்கம். இந்த மாதிரி உள் எண்களுக்கு இணையத்தில் வழியே கிடையாது. பதில் அங்கேயே செத்துப்போகிறது. ‘10.8.0.0-க்குப் போவதை வி.பி.என். பெட்டியிடம் கொடு’ என்று ரவுட்டரில் ஒரே ஒரு வரி, ஸ்டேட்டிக் ரூட், எழுதினால் தீர்ந்தது. எங்கள் எண்களையெல்லாம் வி.பி.என். பெட்டி தன் எண்ணாக மாற்றி அனுப்பும்படி ‘நேட்’ போட்டும் சமாளிக்கலாம். ஆனால் அப்போது மலையிலிருந்து வருகிற எல்லாரும் சர்வருக்கு ஒரே ஆளாகத் தெரிவோம். எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று நாளைக்கு அங்கே தேடினால் கிடைக்காது.

வழியைக் குறித்துவைக்காமல் விடும் இதே வேலையைத்தான் மலைக்குப் பெயர் கொடுத்த வில்லியம் கேமரனும் செய்தார். 1885-இல் வந்தார், மேட்டு நிலத்தைக் கண்டார், வரைபடத்தில் சரியாகக் குறிக்காமல் போய்விட்டார். 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறிவந்து பார்க்கும்வரை இடம் கிட்டத்தட்ட தொலைந்த மாதிரிதான். கேமரனாவது காட்டுக்குள் யானையோடு அலைந்த மனிதர். இந்த ஐ.டி. தம்பிகள் குளுகுளு அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வரி எழுத மறக்கிறார்கள்.

இரைந்து கேட்ட பிறகு அந்த வரி ஏறியது. சரி, மழை நாளில் தானா ராத்தா ஊரில் இருக்கும் என் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த கூத்து. கே.எல். சர்வரின் எண் 192.168.1.20. என் வீட்டு மோடம் எல்லாருக்கும் பங்கிடுவதும் அதே 192.168.1 வரிசை. கணினி சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. வீட்டில் 20-ஆம் எண்ணில் இருப்பது என் மாமியார் சீரியல் பார்க்கும் டிவி.

“வீட்டு மோடத்துல நம்பர மாத்துங்க அக்கா” என்கிறார் தம்பி. எத்தனை வீட்டில் போய் மாற்றுவது? பினாங்கில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மேனேஜர், ஓட்டல்காரனிடம் போய் எண்ணை மாற்றச் சொல்வாரா? உள் உபயோகத்துக்கென்றே 1996-இல் மூன்று வரிசைகளை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். மொத்தம் 1 கோடியே 78 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள். அத்தனையும் காலியாகக் கிடக்க, எல்லாரும் பெட்டியோடு வந்த 192.168.0-லும் 192.168.1-லும்தான் குடியேறுகிறார்கள். 10 என்று தொடங்கும் பெரிய வரிசையின் நடுவில், யாரும் போகாத 10.66.77 மாதிரி ஓர் இடத்தை எடு என்று ஓப்பன்வி.பி.என். கையேட்டிலேயே போட்டிருக்கிறது. படித்தால்தானே.

இதுபோக, என் இணையம் முழுவதையும் கே.எல். வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பாதுகாப்பாம். சம்பளக் கணக்குக்குப் பாதுகாப்பு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸ் அப்டேட்டும் கே.எல். போய்ச் சுற்றிக்கொண்டு மலையேற வேண்டுமா?

ஐ.டி. தம்பிகளே, மலையைக் குறை சொல்வதற்கு முன், போகிற வழியோடு திரும்புகிற வழியும் ரவுட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலக எண் வரிசையை ஒரு தடவை மாற்றிவிடுங்கள். 7-ஆம் தேதிக்கு முன்னால் செய்தால் உபகாரம்.