கடற்கரைப் பெரியவர்களிடம் ஒரு வகுப்பைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பள்ளிப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கும் கடற்கரைக்கும் கூட்டிச் செல்லும் தன்னார்வலர்களில் ஒருவன் எழுதுகிறேன். கேட்பது இதுதான்: கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் கடல்தொழிலுக்கென்று முழுதாக ஒரு பகுதி அமையட்டும், அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, கடலுக்குப் போய் ஓய்ந்த பெரியவர்களைத் தன்னார்வலர்களாகச் சேருங்கள். அருங்காட்சியகம் வேறு துறையின் கீழ் வருகிறது என்பது தெரியும். ஆனால் அந்தத் துறையையும் மீன்வளத் துறையையும் பள்ளிக்கல்வித் துறையையும் ஒரே மேசைக்கு அழைக்கத் தங்களால்தான் முடியும்.

ஒருமுறை, பூதப்பாண்டிப் பக்கமிருந்து வந்த பிள்ளைகளுக்கு முட்டத்தில் ஒரு பெரியவர் ஈர்க்குச்சியால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். கடலுக்கடியில் இருக்கும் பாறையை ‘பார்’ என்பார்கள். அங்கேதான் மீன் கூடும். தண்ணீருக்கு மேலே ஓர் அடையாளமும் இருக்காது. கரையிலுள்ள கோயில் கோபுரமும் அதற்குப் பின்னாலுள்ள மலை முகடும் நேர்க்கோட்டில் வரும்வரை கட்டுமரத்தைச் செலுத்த வேண்டும். அது ஒரு கோடு. வேறு திசையில் லைட்ஹவுஸும் ஒரு பனங்கூட்டமும் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நங்கூரக் கல்லைப் போட வேண்டும். “இது எங்க ஜியாமெட்ரில்லா, தாத்தா” என்றான் எட்டாம் வகுப்புப் பையன். “அதெல்லாம் நமக்குத் தெரியாது மக்ளே. கோடு தப்பிச்சுன்னா வலை பாறையில கிழியும், அது தெரியும்” என்றார் அவர்.

இப்போது படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது, இளைஞர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்தறிவதும், நீவாடு என்னும் கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண்டுகொள்வதும் வயதானவர்களோடு நிற்கின்றன. மெஷின் வலை வரும்வரை திண்ணையில் இருந்து கைவலை பின்னிக் குடும்பம் நடத்திய பாட்டிமார்களையும் மறந்துவிட வேண்டாம்.

‘படிக்காதவர்கள் எப்படிப் பாடம் எடுப்பார்கள்?’ என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் 1 முதல் 5ஆம் வகுப்புவரை சொல்லிக்கொடுக்க பிளஸ் டூ, 6 முதல் 8வரை பட்டப்படிப்பு என்று தகுதி வைத்தார்கள். அங்கே அது சரி. அதே விதியை இங்கே வைத்தால் என்னைப் போன்றவர்கள்தான் மிஞ்சுவோம். எனக்குக் கட்டுமரத்தின் தடிகளைச் சேர்த்துக் கட்டத் தெரியாது.

1886இல் கட்டிய ‘பால்குளூத்தா’ என்ற பாய்மரக் கப்பலைச் சான்பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் இரவு அதில் தங்கி, கப்பலாட்களாகக் கயிறு இழுத்துப் பழகும் திட்டம் அங்கே நடந்திருக்கிறது. நமக்குக் கப்பல் வேண்டாம். தொட்டுப் பார்க்க ஒரு கட்டுமரம், அவிழ்த்துக் கட்டக் கயிறு, கிழிந்தாலும் பரவாயில்லை என்று ஒரு வலை போதும். கண்ணாடிப் பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆள் கிடைக்குமா என்ற கேள்வி வரும். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டு முறை வருகிறது. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. முதலாவது கோடை விடுமுறையில் விழுகிறது, இரண்டாவது பள்ளி திறந்த புதிதில். இன்னும் தொழிலுக்குப் போகிறவர்கள்கூட அப்போது கரையில் இருப்பார்கள், கையில் காசும் இருக்காது. தன்னார்வம் என்று பெயர் வைத்துவிட்டு பஸ் காசுக்கு அவர்களை அலையவிடக் கூடாது. ஒரு நாள் கூலியாவது தர வேண்டும்.

இன்னொன்று. 2004 சுனாமியையும் 2017 ஒக்கிப் புயலையும் பற்றிப் பேசச் சொல்லி அந்தப் பெரியவர்களை நிறுத்தாதீர்கள். தூத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் இறந்தவர்களின் படம் மாட்டியிருக்கிறது. அவர்களாகச் சொன்னால் பிள்ளைகள் கேட்கட்டும்.

ஏப்ரல் 15க்கு முன் ஒரு கூட்டம் போட்டால், சின்னமுட்டத்தில் பெயர் எழுதி ஆள் சேர்க்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாகர்கோவிலிலிருந்து ஒரு தன்னார்வலர்