மகன் கேட்கும் 4கே திரை: கொடுக்கும் காசு கண்ணுக்குத் தெரியுமா?

 

முன்பெல்லாம் பிள்ளைகள், "பெரிய ரி.வி. வேண்டும்" என்று கேட்டார்கள். இப்போது "4கே வேண்டும்" என்கிறார்கள். வீடியோ கேம் விளையாடும் பிள்ளை உள்ள வீட்டில் இந்தச் சொல் என்றாவது ஒரு நாள் வந்தே தீரும். பெருநாளைக்கு வாங்கித் தாருங்கள் என்பான். வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவுக்கும் செய்தி அனுப்பிவிடுவான். வாப்பாவோ உங்களிடம்தான் திருப்பிக் கேட்பார்: "அது தேவைதானா?"

இந்தக் கேள்விக்கு விஷயம் விளங்காமல் "சரி" என்றால் காசு வீணாகலாம். விளங்காமல் "இல்லை" என்றால், "உம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது" என்று பிள்ளை முடிவு கட்டிவிடுவான். அடுத்த முறை எதையும் உங்களிடம் கேட்க வரமாட்டான். முதலாவது நஷ்டத்தை விட இரண்டாவது நஷ்டம் பெரியதல்லவா? ஆகவே சற்றுப் பொறுமையாக இதைப் பார்ப்போம்.

புள்ளிக் கணக்கு

குரோஸ் ஸ்டிச் தைத்த சகோதரிகளுக்கு இது இலகுவில் விளங்கும். ஒரே அளவு ரோஜாப் பூவை முரட்டுத் துணியிலும் தைக்கலாம், மெல்லிய துணியிலும் தைக்கலாம். மெல்லிய துணியில் தையல்கள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். பூ நுணுக்கமாகத் தெரியும். ஆனால் வேலையும் நேரமும் பல மடங்கு.

திரையும் அப்படித்தான். அதிலுள்ள படம் சின்னஞ்சிறு ஒளிப்புள்ளிகளால் ஆனது. "ஃபுல் எச்.டி." எனப்படும் திரையில் 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். "4கே" திரையில் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 82 இலட்சத்து 94 ஆயிரம் புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு. பிள்ளை கேட்பது இந்த நான்கு மடங்கைத்தான்.

தூரத்தில் தெரியுமா?

சுவரில் மாட்டிய தையல் படத்தை அறையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும் விருந்தாளி தையல்களை எண்ணுவதில்லை. பூவைத்தான் பார்க்கிறார். நல்ல பார்வையுள்ள கண்ணுக்கும் ஓர் எல்லையுண்டு. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கை விடச் சிறிய நுணுக்கத்தைச் சாதாரணக் கண் பிரித்தறியாது. இந்தக் கணக்கைத் திரைக்குப் பொருத்திப் பாருங்கள்.

43 அங்குல ஃபுல் எச்.டி. ரி.வி.யிலிருந்து ஏறத்தாழ ஐந்தரை அடி தள்ளி உட்கார்ந்தாலே புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் போகும். 55 அங்குலமாயின் ஏழு அடி சொச்சம். அதற்கு அப்பால் உட்காருபவருக்கு 4கேயின் மேலதிகப் புள்ளிகளால் பெரிதாகப் பயனில்லை. உங்கள் வீட்டு ஹோலில் செற்றிக்கும் ரி.வி.க்கும் இடையே எத்தனை அடி? தையல் அளவு நாடாவை எடுத்து மகனையே அளக்கச் சொல்லுங்கள். எட்டு அடி என்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். மேசையில் கம்பியூட்டர் வைத்து, இரண்டடி தூரத்தில் 27 அங்குலத் திரையின் முன் விளையாடும் பிள்ளை, "ஃபுல் எச்.டி.யில் படம் பொடிப்பொடியாகத் தெரிகிறது" என்று சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. அந்த அளவில், அந்தத் தூரத்தில் அது தெரியத்தான் செய்யும். இதற்கும் நேரே 4கேக்குப் போக வேண்டியதில்லை. நடுவில் 2560 × 1440 என்றொரு தரம் உண்டு. அதில் புள்ளிகள் ஏறத்தாழ 36 இலட்சத்து 86 ஆயிரம். படமும் தெளிவு, பாடம் படிக்கும்போது எழுத்தும் தெளிவு. மேசைக்கு அது போதும்.

திரை மட்டும் போதாது

இதுதான் பல வீடுகளில் கவனிக்கப்படாமல் போகும் இடம். திரை என்பது துணி மாத்திரமே. தைக்கும் மெஷின் வேறு. 4கே படத்தை ஒரு செக்கனுக்கு 60 முறை வரைய வேண்டுமானால், கேம் இயந்திரம் ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் கொடுக்க வேண்டும். ஃபுல் எச்.டி.க்குப் பன்னிரண்டரைக் கோடி போதும்.

2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இன் சாதாரண மொடல் ஃபுல் எச்.டி.க்கு மேல் படம் அனுப்பாது. அதை எத்தனை விலை உயர்ந்த 4கே ரி.வி.யில் மாட்டினாலும் அதே படத்தைத்தான் ரி.வி. இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். வீட்டில் இருப்பது அந்தப் பழைய மொடல் என்றால், கேமுக்காக 4கே ரி.வி. வாங்குவது காசைக் கடலில் போடுவது போன்றது.

இயந்திரத்தையும் மாற்றுவோம் என்றால் விலையைப் பாருங்கள். 2020 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் இரண்டு மொடல்களில் வந்தது. 1440 தரத்தைக் குறியாகக் கொண்டது 299 டொலர், 4கேயைக் குறியாகக் கொண்டது 499 டொலர். டிஸ்க் போடும் வசதியும் சேமிப்பு இடமும் கூடியதில் மேலதிகம் என்பது உண்மை. ஆனாலும் வித்தியாசம் 200 டொலர். டொலரை 300 ரூபாவாக வைத்தாலும் 60 ஆயிரம் ரூபா. அதுவும் வரியும் கடைக்காரரின் இலாபமும் சேர்க்காமல். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதை நாம் எவரும் மறக்கவில்லை.

கம்பியூட்டரில் விளையாடினால் மின்சாரமும் கணக்கில் வரும். 2022இல் வெளிவந்த, 4கேக்குப் பேர்போன ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கார்ட் 450 வொட் வரை இழுக்கும். 2023இல் வந்த, ஃபுல் எச்.டி.க்குப் போதுமான 4060 கார்ட் 115 வொட். தினம் மூன்று மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு யூனிட், மாதத்துக்கு 30 யூனிட். யூனிட் கூடக் கூட விலைப்படியும் ஏறும் நமது மின்சாரப் பட்டியலில் 30 யூனிட் சின்னக் கணக்கல்ல.

விளையாடுபவர்கள் எதை விரும்புகிறார்கள்?

பிளேஸ்டேஷன் 5இன் பல கேம்களில், "தெளிவான படமா, வேகமான அசைவா?" என்று தெரிவு செய்யும் வசதி உண்டு. தெளிவைத் தெரிந்தால் பெரும்பாலும் செக்கனுக்கு 30 படம், வேகத்தைத் தெரிந்தால் தெளிவு சற்றுக் குறைந்து 60 படம். 2024 செப்டெம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை அறிமுகம் செய்தபோது, அதன் பிரதான வடிவமைப்பாளர் மார்க் சேர்னி ஓர் உண்மையைச் சொன்னார். விளையாடுபவர்கள் நான்கில் மூன்று தடவை வேகத்தையே தெரிகிறார்களாம். 4கே காட்டக்கூடிய இயந்திரத்தைக் கையில் வைத்திருப்பவர்களே தெளிவை விட்டுக்கொடுத்து வேகத்தை எடுக்கிறார்கள் என்றால், அந்தத் தெளிவுக்காக நாம் ஏன் முதலில் காசைக் கொட்ட வேண்டும்?

கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டைத் தொழிலாகவே விளையாடுவோரில் பலர் 1280 × 960 என்ற பழைய தரத்தில்தான் விளையாடுகிறார்கள். சதுரக் கட்டிகளால் ஆன மைன்கிராஃப்ட், 2023இல் 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. 2017இல் வந்த நின்டெண்டோ சுவிட்ச், கையில் பிடித்து விளையாடும்போது 1280 × 720 தரம் மட்டுமே. அதுவும் 15 கோடிக்கு மேல் விற்றது. பிள்ளைகளின் மகிழ்ச்சி புள்ளிகளின் எண்ணிக்கையில் இல்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

என்ன செய்யலாம்?

மகனையோ மகளையோ பக்கத்தில் உட்காரவைத்து மூன்று கேள்வி கேளுங்கள். திரைக்கும் உனக்கும் எத்தனை அடி? இப்போதுள்ள இயந்திரம் 4கே கொடுக்குமா? நீ விளையாடும் கேமுக்குத் தெளிவு முக்கியமா, வேகம் முக்கியமா? விடைகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். மூன்றும் 4கே பக்கம் நின்று, வீட்டில் கடனில்லாமல் காசும் இருந்தால் வாங்கிக் கொடுப்பதில் குற்றமில்லை. ரி.வி. பழுதாகி எப்படியும் புதிது வாங்கும் வேளையில், சிறிய தொகை கூட்டி 4கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல ரி.வி.யைத் தூக்கிவிட்டு, தவணைக்கோ சீட்டுக் காசுக்கோ வாங்குவதுதான் வீண்விரயம்.

விடைகள் மறுபக்கம் நின்றால், "கூட்டாளி வீட்டில் இருக்கிறதே" என்பதுதான் மிச்சமிருக்கும் காரணம் என்பது பிள்ளைக்கே விளங்கும். அப்போது அவனைக் கேலி செய்யாதீர்கள். அவன் கேட்டதை நீங்கள் மதித்து விசாரித்தீர்கள் என்பதே அவனுக்குப் பெரிது. வாப்பாவின் வியர்வை எத்தனை நாள் சிந்தினால் ஒரு திரைக்குச் சமமாகும் என்பதையும் அந்தத் தாளின் கீழே அவனே கணக்குப் போடட்டும். புள்ளிக் கணக்கை விட அந்தக் கணக்கு அவன் மனதில் நெடுநாள் நிற்கும், இன்ஷா அல்லாஹ்.