அழிக்காமல் திருத்துவோம்

டோர்செட் பார்க்கில், கெனடி வீதியை அண்டிய அடுக்குமாடி ஒன்றில் அண்மையில் கூடிய பழைய மாணவர் சங்கக் கூட்டமொன்றிற்கு நாம் சென்றிருந்தோம். ஊர்ப் பாடசாலைக்குப் பணம் அனுப்புவதே அன்றைய விடயம். ஆனால் சங்க யாப்பின் இரு பிரதிகள் மேசைக்கு வந்தன. பணம் எடுக்க மூவர் கையொப்பமிட வேண்டும் என்றது ஒன்று. இருவர் போதும் என்றது மற்றையது. எது பிந்தியது, யார் திருத்தினார், ஏன் திருத்தினார் என எவராலும் கூற இயலவில்லை. இருபது ஆண்டு நட்பினுள் சந்தேகம் புகுந்தது. பணம் போகவில்லை.

கணனி நிரல் எழுதுவோர் இவ்விடர்ப்பாட்டை முன்னரே சந்தித்தவர்கள். ஒரே நிரலைப் பலர் திருத்தும்போது, ஒருவர் மாற்றும் ஒரு வரி இன்னொருவரின் வேலையைக் குலைத்துவிடும். 1972 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைன்ட் என்பவர், நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் பேணும் கருவியொன்றை ஆக்கினார். இரு கோப்புகளை ஒப்பிட்டு மாறிய வரிகளை மட்டும் காட்டும் 'டிஃப்' என்னும் கருவியும் அதே ஆய்வுகூடத்தில் அப்பத்தாண்டிலேயே பிறந்தது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்னும் கருவியை வெளியிட்டார். இன்று உலகெங்கும் நிரலாளர் பெரிதும் கையாள்வது இதனையே. இது இலவசமானது.

இதன் முறை எளிது. பழையது அழிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு திருத்தத்துடனும் செய்தவர் பெயர், நாள், நேரம், காரணக் குறிப்பு ஆகியன பதியப்படும். எந்த வரியைக் காட்டினும், அதனை இறுதியாக எழுதியவர் யாரெனக் கருவி கூறும்.

அகதி விண்ணப்பம் செய்த குடும்பங்களுக்கு இம்முறை புதிதன்று. அடிப்படைக் கோரிக்கைப் படிவத்தில் ஒன்றைத் திருத்துவதாயின், மாற்றத்தை அடிக்கோடிட்டு, அப்பக்கத்தில் கையொப்பமும் திகதியும் இட்டு, விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன்னராவது கையளித்தல் வேண்டும். முதற்கூற்றும் கோவையில் இருக்கும்; திருத்தமும் இருக்கும். காரணம் கூறப்படாத மாற்றமே ஐயத்தை வளர்க்கும்.

இன்னொரு சிறப்பும் உண்டு. கிட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரின் கணனியிலும் வழக்கமாக முழு வரலாறும் இருக்கும். ஓரிடம் அழிந்தாலும் மற்றோரிடம் காக்கும். 1981 இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஓலைச் சுவடிகளையும் இழந்த நமக்கு, ஒரே பிரதியை ஓரிடத்தில் வைப்பதன் ஆபத்தை எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

எனினும் ஓர் எச்சரிக்கை. மறவாத கருவி, மறக்க வேண்டியதையும் மறவாது. பிள்ளைகள் தம் பாடசாலை வேலையைப் பொதுத் தளத்தில் இடும்போது, கடவுச்சொல்லையோ குடும்பத்தின் குடிவரவுப் பத்திரங்களையோ தவறியும் சேர்த்தலாகாது. மறுநாள் நீக்கினாலும் பழைய பதிப்பில் அவை கிடக்கும். பெற்றோர் இதனை எடுத்துரைத்தல் நன்று.

அன்றைய கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி இரு யாப்புகளையும் கணனியில் ஒப்பிட்டுக் காட்டினாள். நாற்பது பக்கங்களில் மூன்று வரிகளே வேறுபட்டன. எவை மாறின என்பது நொடியில் தெரிந்தது. ஏன் மாறின என்பது தெரியவில்லை. அதனை அன்று எவரும் எழுதி வைத்திருக்கவில்லை. பதியப்படாததை எக்கருவியும் கூறாது.

நம் சங்கங்கள் யாவும் கிட்டைக் கற்க வேண்டுமென நாம் கூறவில்லை. ஒரு கொப்பி போதும். திருத்தியவர் பெயர், திகதி, காரணம் ஆகிய மூன்றையும் அதில் எழுதி, மூவர் வீட்டில் பிரதி வைப்போம். பணமும் போய்ச் சேரும், நட்பும் நிலைக்கும்.