கடம்பூர் மாளிகையில் இருவர்

கல்கி இதழிலே 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னைக் கிழித்தெடுத்துக் கட்டி வைத்த வீடுகள் யாழ்ப்பாணத்திலே பல. அக்காலத்தோர் போற்றிய இணை வந்தியத்தேவனும் குந்தவையும். மணிரத்தினத்தின் படங்களை 2022, 2023ஆம் ஆண்டுகளிற் கண்ட நம் மாணவரோ நந்தினியையும் ஆதித்த கரிகாலனையுமே பேசுகின்றனர். வஞ்சம் தீர்க்க வந்தவளும் வெறி கொண்டவனும் காதலர்க்கு இலக்கணமோ என ஆசிரியர் சிலர் கடிந்துகொள்கின்றனர்.

கடிதல் வேண்டா என்பேன். அவள் உயிர்ப்பிச்சை கேட்டும் இரங்காது வீரபாண்டியன் தலையைக் கொய்தவன் கரிகாலன். அவள் அழைப்பிலே தன் சாவு இருக்கலாம் என்று அறிந்தும் கடம்பூருக்கு வருகிறான். குந்தவையின் முன் வந்தியத்தேவன் குறும்பு பேசித் தப்பலாம். இவ்விருவரும் ஒருவர்முன் ஒருவர் நல்லவராக நடிக்க இயலாது. இளையோரை ஈர்ப்பது அதுவே.

அவள் தன் தங்கையோ என்ற ஐயத்தைக் கல்கி இடையிலே புகுத்தியது எனக்கு உடன்பாடன்று. வாசகரின் கூச்சத்துக்காகப் போட்ட வேலி அது. கொன்ற கை எதுவெனத் தெளிவாகச் சொல்லாது விட்டதையோ மெச்சுகிறேன். இருண்ட அவ்வறையிலே நந்தினி என்ன செய்தாள் என்று என் மாணாக்கியர் இன்றும் வழக்காடுகின்றனர்.