துறைமுகம் இருக்கிறது, தொழில் எங்கே?

"நம் இளைஞரிடம் முயற்சி இல்லை, கைத்திறன் இல்லை, அரசாங்க உத்தியோகம் ஒன்றையே கனவு காண்கிறார்கள்." திருகோணமலையில் மேடை கிடைத்தபோதெல்லாம் பெரிய மனிதர் பாடும் பல்லவி இது. தலைநகரிலிருந்து வருபவர் பாடுகிறார். உள்ளூர்ப் பிரமுகர் பின்பாட்டுப் பாடுகிறார். மாலை வாடுமுன் மோட்டார் வண்டி புறப்பட்டுவிடுகிறது. சான்றிதழ்க் கட்டைக் கையில் வைத்திருக்கும் இளைஞன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

இந்தப் பல்லவியை நாம் மறுக்கிறோம். வேலை தேடுவோனிடத்தும், கையிலிருந்த தொழிலை இழந்து மறுதொழில் தேடுவோனிடத்தும் குறைந்திருப்பது திறமையன்று. ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் பாலமே இம்மண்ணில் இல்லை. பாலம் கட்டும் கடமை உடையோர் அதைக் கட்டவில்லை. கட்டாதவர்கள் அக்கரையில் நின்றுகொண்டு, "நீந்தத் தெரியாத மடையனே!" என்று ஏசுவது எந்த ஊர் நியாயம்? இது வெறும் ஆத்திரமன்று. அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு நமக்குச் சாட்சியாக நிற்கிறது.

1957: கப்பல் போயிற்று

"டொக்யாட்" என்று ஊரார் அழைத்த கப்பல் பட்டறையும் பிரித்தானியக் கடற்படைத் தளமும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. பிற்றர், கடைசற்காரர், கொல்லர், தச்சர், பண்டகசாலை இலிகிதர், சுமை தூக்குவோர் எனப் பல வகையினரும் அங்கே உழைத்தனர். உலகப் பெரும் கடற்படை ஒன்றின் கப்பல்களைப் பழுது பார்த்த கைகள் அவை. அக்கைகளுக்குத் திறமை இல்லையென்று சொல்ல எவனுக்கும் நா எழாது.

1957 ஒக்டோபரில் அத்தளம் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நியக் கொடி இறங்கியது. நம் நெஞ்சும் மகிழ்ந்தது. மகிழ வேண்டிய நாள்தான் அது. ஆனால், கொடியோடு கூலியும் இறங்கியபோது தொழிலாளிக்கு யார் என்ன செய்தார்கள்?

வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் ஏறத்தாழ நானூறு பேரைப் பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் குடியேற்ற அரசாங்கம் எண்ணியது. சுத்தியல் பிடித்தவன் மண்வெட்டி பிடிக்க வேண்டும். கடலோரத்தில் வாழ்ந்தவன் காடு வெட்டிக் கழனி காண வேண்டும். கடினமான மாற்றந்தான். ஆயினும், பிள்ளைகளின் பசி முன்னிற்கையில் எந்தத் தந்தை மறுப்பான்? தொழிலாளி மாறத் தயங்கியதால் அத்திட்டம் முறியவில்லை. "தமிழனுக்கு இங்கே நிலமா?" என்ற கூச்சல் எழுந்தது, குண்டர் கூட்டங்கள் திரண்டன, மிரட்டல் பிறந்தது. அவ்வெறுப்பு 1958 மே மாதத்தில் நாட்டையே எரித்த பெருங்கலவரத்தின் தீப்பொறிகளுள் ஒன்றாயிற்று. பதவியா திருமலைத் தொழிலாளியின் ஊராகவில்லை.

மாற மறுத்தவன் தொழிலாளியா? மாற விடாதவர்கள் யார்? மேடைப் பேச்சாளர் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

சிங்கப்பூரும் திருமலையும்

"தளம் மூடினால் வேலை போகத்தானே செய்யும்? அரசாங்கம் என்ன மந்திரவாதியா?" என்று கேட்பாரும் உளர். அவர்கள் சிங்கப்பூரை நோக்கட்டும்.

அதே பிரித்தானியக் கடற்படை செம்பவாங்கிலும் பெருந்தளம் வைத்திருந்தது. அத்தளத்தில் உழைத்தோருள் தமிழரும் மலையாளிகளும் மிகப் பலர். 1968 சனவரியில், படைகளை விரைந்து விலக்கிக் கொள்வதாக இலண்டன் அறிவித்தது. அந்நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அப்படைத்தளங்களை நம்பியிருந்தது. இடி விழுந்தாற் போன்ற செய்திதான். ஆனால், சிங்கப்பூர் அரசு ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கவில்லை. தொழிலாளியைத் திட்டிக்கொண்டும் இருக்கவில்லை. படைத்தளங்களைத் தொழில்தளங்களாக மாற்றுவதற்கென்றே ஒரு திணைக்களத்தை நிறுவிற்று. வேலை இழக்கவிருந்தோருக்குப் புதிய தொழில்களிற் பயிற்சி அளித்தது. போர்க்கப்பல் பழுது பார்த்த பட்டறை, அதே ஆண்டில், வணிகக் கப்பல் பழுது பார்க்கும் நிறுவனமாகப் பெயர் மாறிற்று. பட்டறையும் பிழைத்தது, தொழிலாளியும் பிழைத்தான்.

சிங்கப்பூர் தீவு, திருமலையோ உலகம் புகழும் இயற்கைத் துறைமுகம். அங்கே நின்றதும் அதே கடற்படை; உழைத்ததும் நம்மவரைப் போன்ற கைகளே. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே பாலம் கட்டினார்கள்; இங்கே கட்டவில்லை.

பேனா பிடித்தவன் கதை

கைத்தொழிலாளியின் கதை இதுவானால், பேனா பிடித்தவன் கதை என்ன? 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம், பரீட்சையில் தேறிப் பதவி பெற்றவனை மீண்டும் பாலர் வகுப்பில் உட்காரச் சொன்னது. 1961 டிசம்பரில் திறைசேரி சுற்றறிக்கை ஒன்றை விடுத்தது. சிங்களத் தேர்ச்சி பெறாத தமிழ் உத்தியோகத்தர் கோடீஸ்வரனுக்கு 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் ஏறினார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் அரசின் மீது சம்பள வழக்குத் தொடுக்க முடியாது என்று தள்ளியது. 1969இல் பிரிவுக் கவுன்சில் அத்தீர்ப்பைப் புரட்டியது. ஆயினும், மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற மூலக் கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவேயில்லை. 1972இன் புதிய அரசியலமைப்பு வந்து அக்கேள்வியையே விழுங்கிவிட்டது.

ஒரு மனிதனின் சம்பள உயர்வு பத்தாண்டுக் காலம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியது. இதைக் கண்ட எத்தனை தந்தையர் தம் மக்களைக் கடல் கடந்து அனுப்பியிருப்பர்? 1987இல் தமிழும் ஆட்சிமொழியென எழுதப்பட்டது உண்மையே. ஏட்டில் எழுதியது நேர்முகப் பரீட்சை மேசையிலும் இருக்கிறதா என்பதே இன்றைய வேலை தேடுவோனின் கேள்வி.

"வேறு தொழில் பாருங்கள்"

இனி அண்மைக் காலத்தைப் பார்ப்போம். 2017இல் கிழக்கு மாகாணத்தின் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வீதியோரத்தில் நாட்கணக்காக அமர்ந்திருந்தனர். வெயிலில் வாடிய அவர்களுள் கைக்குழந்தையுடன் வந்த தாய்மாரும் உண்டு. 2020இல் நாடெங்கும் பல்லாயிரம் பட்டதாரிகளுக்குப் பயிலுநர் நியமனம் கிடைத்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று கைவிரித்தது. அவ்வாண்டு சூனிலேயே, அரச ஊழியர் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாட்டிற் பணியாற்றலாம் என்று சுற்றறிக்கை பிறந்தது. அவ்வாண்டில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில் தேடி நாட்டை விட்டு வெளியேறினர்.

என்னே விந்தை! "வா" என்று அழைத்த வாயே இரண்டு ஆண்டுகளில் "போ" என்றது. அன்று கற்றது பயனில்லை என்றார்கள். இன்று வேறு கற்றுக்கொள் என்கிறார்கள். எங்கே கற்பது? யார் கற்பிப்பது? கற்கும் மாதங்களில் அடுப்பில் எதை வைப்பது? இவற்றுக்கு விடை சொல்லாதவர் கூறும் அறிவுரை, பசித்தவனிடம் சமையற் குறிப்பு நீட்டுவது போன்றது.

துறைமுகம் உறங்குகிறதா?

திருமலை வறண்ட பூமியன்று. சீனன்குடாவில் தொண்ணூற்றொன்பது எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 2022 சனவரியில் அவற்றைப் பங்கிட்டு உடன்படிக்கை செய்தார்கள்: இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்குப் பதினான்கு, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு இருபத்துநான்கு, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு அறுபத்தொன்று. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. தாங்கிகளை எண்ணிப் பங்கிட்டவர்கள், தொழில்களை எண்ணினார்களா? எத்தனை ஒட்டுவேலைக்காரர், எத்தனை மின்னியலாளர், எத்தனை கணக்காளர் வேண்டும், அவர்களுள் எத்தனை பேர் இம்மாவட்டத்தில் பயிற்றப்படுவர் என்று ஊரறியச் சொன்னார்களா?

புல்மோட்டையில் கடற்கரை மணலே செல்வம். இல்மனைற்றும் உரூட்டைலும் சேர்கொனும் அம்மணலில் உண்டு. பிரித்தெடுத்துக் கப்பலேற்றுகிறோம், அதைக்கொண்டு வண்ணச்சாயமும் உலோகமும் செய்யும் தொழில் அயல்நாட்டில் நடக்கிறது. மணல் ஏறும் கப்பலில் நம் பிள்ளைகளின் வேலையும் ஏறிப் போகிறது.

சம்பூரை நினையுங்கள். 2006இல் போர் அம்மக்களைத் துரத்திற்று. உழவரும் மீனவரும் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் பல ஆண்டுகள் நாட்கூலிகளாயினர். அதுவும் ஒரு தொழில் மாற்றந்தான். துப்பாக்கி செய்த தொழில் மாற்றம். 2015, 2016ஆம் ஆண்டுகளில் அவர்கள் திரும்பினர். நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். அது 2016இல் கைவிடப்பட்டது. சூரிய மின்நிலையம் என்றார்கள். 2025 ஏப்ரலில் அதற்கு அடிக்கல் நடப்பட்டது. சூரிய ஒளியை நாம் பகைக்கவில்லை. அவ்வொளியில் சம்பூர்ப் பிள்ளைக்கு ஒரு கீற்று உண்டா என்றே கேட்கிறோம்.

அதே 2025இல், முத்துநகர் விவசாயிகள் தம் வயல் நிலம் சூரிய மின் திட்டத்துக்குப் போவதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். பாருங்கள் இந்த வட்டத்தை! அன்று பட்டறைத் தொழிலாளியை உழவனாகச் சொன்னார்கள், நிலம் கிடைக்கவில்லை. இன்று உழவனின் நிலத்தைக் கேட்கிறார்கள்; அவன் யாராக வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

நம் வீட்டுக் குற்றம்

பிறரை மட்டும் குற்றம் கூறி நாம் தப்ப முடியாது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற பழமொழியைப் பெற்று வளர்த்தவர் நாமே. பொறி திருத்தும் இளைஞனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குபவர் யார்? மகன் மேசன் வேலை கற்றால் மானம் போயிற்று என்று கண்ணீர் வடிப்பவர் யார்? நாற்பது வயதில் புதுத்தொழில் கற்கப் புறப்பட்டவளைப் பார்த்து, "இந்த வயதில் இது என்ன கூத்து?" என்று எள்ளி நகையாடுபவர் யார்? அரசாங்கம் பாலம் கட்டவில்லை. நாமோ கட்ட வந்தவன் கையைத் தட்டிவிடுகிறோம்.

ஒரு செய்தியைப் பலரும் அறியாதிருக்கின்றனர். தேசிய தொழிற்றகைமை என்ற ஏற்பாட்டில் ஏழு படிகள் உண்டு. பள்ளியில் அன்றி வேலைத்தலத்திலேயே தொழில் கற்றவனையும் சோதித்து, அவனுக்குரிய படியில் சான்றிதழ் வழங்க அதில் வழி இருக்கிறது. இருபது ஆண்டு இயந்திரம் திருத்தியவன், இருபது நாள் படித்தவன் முன்னே தலைகுனிய வேண்டியதில்லை. கையில் தொழில் இருந்தும் கடதாசி இல்லாமையால் கூலி குறைந்து நிற்போர் மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும் எத்தனை பேர்! அவர்களுக்கு இவ்வழியைக் காட்ட வேண்டியது படித்தவரின் கடமை.

நாம் கேட்பவை

பிச்சை கேட்கவில்லை, சலுகையும் கேட்கவில்லை. நான்கு செயல்களைக் கேட்கிறோம்.

முதலாவது: இம்மாவட்டத்தில் எந்தத் திட்டத்துக்கு அடிக்கல் நட்டாலும், எந்தத் தொழிலுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் அதற்கு முன்பே வெளிவர வேண்டும். பயிற்சி அன்றே தொடங்க வேண்டும். கட்டடம் முடிந்தபின், "தகுதியானவர் இங்கே இல்லை" என்று கையை விரிக்கலாகாது.

இரண்டாவது: உழவனின் சம்மதமும் மாற்று நிலமும் இன்றி வயலைத் தொடலாகாது. நிலத்துக்குப் பதிலாகத் தொழில் தருவதாயின், தொழில் முதலில் வரட்டும். நிலம் பிறகு போகட்டும்.

மூன்றாவது: போரும் இடப்பெயர்வும் விழுங்கிய ஆண்டுகளை வேலை தேடுவோனின் வயதிற் சேர்த்து எண்ணலாகாது. அவ்வாண்டுகளை இழந்தது அவன் குற்றமன்று.

நான்காவது: திறமையைச் சோதிப்போர் ஊருக்கு வர வேண்டும். ஒரு நாட்கூலியை இழந்து, பஸ் கட்டணமும் கொடுத்து, தெரியாத மொழியில் விண்ணப்பம் நிரப்பச் சொல்வது சோதனையன்று, தண்டனை.

தமிழ் உத்தியோகத்தர்களே! பொறியியலாளர்களே! ஆசிரியர்களே! நீங்கள் ஏறிவந்த ஏணியை மேலே இழுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஓர் இளைஞனின் விண்ணப்பத்துக்கு ஒதுக்குங்கள். உழவர் பெருமக்களே! இன்று டொக்யாட்டுக்காரன், நாளை நீங்கள். வேலையற்றவனின் போராட்டம் வேறு, உங்கள் போராட்டம் வேறு என்று எண்ணாதீர்கள்.

1957இல் ஒரு தலைமுறை வெறுங்கையுடன் வீடு திரும்பியது. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று சான்றிதழ்க் கட்டுடன் அதே துறைமுகத்தின் கரையில் நிற்கின்றனர். "முயற்சி இல்லை" என்று இனியும் அவர்களைப் பார்த்துச் சொல்ல எவர் மேடையேறினாலும், கூட்டத்திலிருந்து ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும்: "ஐயா, பாலம் எங்கே?"