ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் குழந்தைகளின் தேவைகளைச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், பெற்றோர் சங்கம்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் / ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்கள்
பொருள்: பள்ளிக் கழிப்பறை மற்றும் பிற கோரிக்கைகள் – தொடர்பாக
பார்வை: 1. குடியரசு நாள் கிராம சபைத் தீர்மானம்
2. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எங்கள் கடிதமும் நினைவூட்டல்களும்

ஐயா,

நாங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோர்.

மாணவியருக்குத் தண்ணீர் வசதியுடன் தனிக் கழிப்பறை கோரிய தீர்மானம் (பார்வை 1) பதிவேட்டில் ஏறியது. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏறவில்லை. காரணம் கேட்டு ஒன்றிய அலுவலகத்தில் உள்ள வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதினோம் (பார்வை 2). பள்ளிக் கட்டுமானம் கல்வித் துறையைச் சார்ந்தது என ஒரு வரிப் பதில் வந்தது. கல்வித் துறைக்கு எழுதினோம். அக்கடிதம் ‘உரிய நடவடிக்கைக்காக’ ஒன்றிய அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பின்னர் அனுப்பிய நினைவூட்டல்களுக்கு அஞ்சல் ஒப்புகை அட்டைகள் மட்டுமே எங்கள் கைவசம் உள்ளன.

அந்த ஒரு வரிப் பதில் சட்டப்படி நிற்காது. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 9-வது பிரிவு, பள்ளிக் கட்டடம் உள்ளிட்ட உள்கட்டமைப்பைச் செய்து தரும் கடமையை உள்ளாட்சி அமைப்பின் மீதே வைக்கிறது. உள்ளாட்சி அமைப்பு என்பதில் ஊராட்சியும் அடங்கும் என்பது அதே சட்டத்தின் விளக்கம். ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது அதன் அட்டவணை. ஏற்கெனவே இயங்கிய பள்ளிகளுக்கு 19-வது பிரிவு கொடுத்த மூன்றாண்டு அவகாசம் 2013 மார்ச்சில் முடிந்தது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை வந்துவிட்டார்கள், கழிப்பறை வரவில்லை.

மேல்வகுப்பு மாணவியர் காலையில் தண்ணீர் குடிக்காமலே பள்ளிக்கு வருகின்றனர். மாதவிலக்கு நாட்களில் வருவதேயில்லை. வருகைப் பதிவேட்டில் அது வெறும் விடுப்பு.

நிதி இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. 15-வது நிதிக்குழு 2021-22 முதல் பரிந்துரைத்த மானியத்தில் 30 விழுக்காடு சுகாதாரத்துக்கும் 30 விழுக்காடு குடிநீருக்கும் என்றே கட்டி வைக்கப்பட்டது. அதில் பள்ளிக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு எங்கள் கிராம சபையில் வைக்கப்படவில்லை.

எனவே, குழந்தைகளின் பிற தேவைகளையும் சேர்த்துக் கோருகிறோம்:

1. கழிப்பறைப் பணியை நடப்புத் திட்டத்திலேயே சேர்த்து நிர்வாக அனுமதி வழங்குக. கட்டிப் பூட்டி வைக்காதிருக்கத் தண்ணீர் இணைப்பும் துப்புரவுப் பணியாளர் ஊதியமும் மதிப்பீட்டில் இடம்பெறச் செய்க.
2. அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர் அமைத்திடுக.
3. விளையாட்டுத் திடலை அளந்து எல்லைக்கல் நடுக.
4. ஊர்ப்புற நூலகத்தை மாலையிலும் திறக்க ஆவன செய்க.
5. கிராம சபைக்கு முன்பாகக் குழந்தைகள் சபை கூட்டி, அதன் கோரிக்கைகளைத் திட்டத்துடன் இணைத்திடுக.

மற்றவை பொறுக்கும், முதல் கோரிக்கை பொறுக்காது. அதன் மீது தங்கள் ஆணையை, மே 1 கிராம சபைக்கு முன்பாக, எழுத்து மூலம் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். அருள்கூர்ந்து இம்மனுவையும் அதே ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்