கல்லுக்கு ஃபைல் இருக்கு... பெண்ணுக்கு?

ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஓர் ஊர். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே குழி தோண்டிக் கற்கருவிகளை எடுத்தது. சுமார் 12 ஆயிரம் வருடம் பழசு என்றார்கள். எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று எழுதி வைப்பதுதான் அகழாய்வு. கல்லுக்கே ஃபைல் உண்டு!

அந்தப் பக்கம் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் ஓடுகிற கம்பெனி பஸ்களில், பாதித் தூக்கத்தில் 19, 20 வயசுப் பெண்கள். அதில் ஒருத்தியின் அம்மா என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: ‘‘நாலு வயசுல அவளுக்கு பிளட் கேன்சர் சார். நல்லாப் போயிடுச்சு. அவகிட்ட ரத்தம் கம்மியா இருந்துச்சுன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். ஃபைலைக்கூட கொளுத்திட்டோம். நாளைக்கு மாப்ளை வீட்ல தெரிஞ்சா?’’

அந்த அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்ட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

தமிழ் சினிமாவில் ரத்தப் புற்றுநோய் என்றால் கைக்குட்டையில் ரத்தம், கிளைமாக்ஸில் சாவு. நிஜம் எப்போதோ மாறிவிட்டது. 1980-களில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ‘எம்.சி.பி.-841’ என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையில் எடுத்தன. பிழைக்கும் குழந்தைகள் கூடினார்கள். அவர்கள் வளருவார்கள், கல்யாண வயசுக்கு வருவார்கள் என்பதும் தெரிந்த கதைதானே? டாடா மருத்துவமனை 1991-லேயே, சிகிச்சை முடிந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கத் தனி கிளினிக் ஆரம்பித்துவிட்டது. நம் ஊரில் இன்னமும் பல இடங்களில் ‘அஞ்சு வருஷம் ஆச்சா? நல்லா இருக்காளா? சந்தோஷம், போயிட்டு வாங்க’தான்.

விஷயம் சினைப்பையில் இருக்கிறது. நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து, இருபது லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. அதுதான் ஓப்பனிங் ஸ்டாக். அப்புறம் கொள்முதலே கிடையாது, செலவு மட்டும்தான். சைக்ளோபாஸ்பமைடு மாதிரி மருந்துகள் அந்த ஸ்டாக்கில் கை வைக்கும். எவ்வளவு என்பது மருந்தின் அளவைப் பொறுத்தது.

பயப்படாதீர்கள். வழக்கமான சிகிச்சையோடு நோய் குணமான பெண்களில் பெரும்பாலானவர்கள் வயசுக்கு வருகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். ‘கேன்சர் வந்தவ, புள்ள பெத்துக்க மாட்டா’ என்கிற தெருப்பேச்சு சுத்தப் பொய். ஆனால் நோய் திரும்பி வந்து, எலும்பு மஜ்ஜை மாற்றி, அதற்காக உடம்பு முழுக்கக் கதிர்வீச்சும் வாங்கியவர்களுக்கு சினைப்பை செயலிழக்கும் ஆபத்து மிக அதிகம். நடுவிலே ஒரு ரகம் இருக்கிறது. மாதவிடாய் ஒழுங்காக வரும், ஆனால் ஸ்டாக் குறைவு. 40 வயசுக்கு முன்பே நின்றுவிடலாம். இவள் எந்த ரகம்? அதைச் சொல்லத்தான் அந்த ஃபைல்! கூடவே ஏ.எம்.ஹெச். என்றொரு ரத்தப் பரிசோதனை, ஓரளவு துப்புக் கொடுக்கும்.

22 வயசில் தெரிந்தால் கருமுட்டையை உறைய வைப்பதா, சீக்கிரம் பிள்ளை பெறுவதா, எதுவும் வேண்டாமா என்று அவளே முடிவெடுக்கலாம். 34-ல் தெரிந்தால் மாமியார் முடிவெடுப்பார். பிள்ளையே வேண்டாம் என்பவளுக்கும் இது தேவை. சினைப்பை சீக்கிரம் ஓய்ந்தால் எலும்பு தேயும், இதயத்துக்கும் கேடு. இவளைத் தாயாக மட்டுமே பார்க்கிற டாக்டர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த வட்டாரத்தில், வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 2024-ல் பிரம்மாண்ட விடுதி திறந்தது அரசு. அதே வருடம் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம். இரண்டுமே நல்ல காரியம். எழும்பூரிலேயே, நடக்கிற தூரத்தில் அரசு குழந்தைகள் மருத்துவமனை. அங்கே சிகிச்சை முடித்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். என்ன மருந்து, எவ்வளவு அளவு, எங்கே கதிர்வீச்சு. தமிழில். 18 வயசானதும் அவளை அந்த மையத்துக்கு அனுப்புங்கள். அவளிடமே பேசுங்கள், அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு. காப்பீட்டுத் திட்டத்தில் இந்தப் பரிசோதனைக்கும் ஒரு வரி எழுதுங்கள். இதற்கு எத்தனை கோடி ஆகிவிடும்?

அந்த அம்மாவிடம், வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில் பழைய நகல் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். ‘‘கேட்டா எதுக்குன்னு கேப்பாங்களே சார்’’ என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மகள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். பேச்சை மாற்றிக்கொண்டோம்.